கரை வேட்டி கட்டிய பாம்பு

மாணவ நண்பர்களே, நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. ஐப்பசி மழை இரண்டு நாட்கள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க நாங்கள் நான்கைந்து பையன்கள் காலையிலேயே கரைக்கு ஓடினோம். மதகுக்குப் பக்கத்தில், புல்லின் மேல், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "விரியன் குட்டிடா!" என்று ஒருவன் கத்தினான். முதல் கல்லை எறிந்தவன் நான். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாம்பு ஒரு தடவைகூட எங்களைக் கடிக்க வரவில்லை. தப்பியோடத்தான் பார்த்தது. அது என் கண்ணில் பட்டது. ஆனால் வீரச் செயல் புரிந்துவிட்ட பெருமையில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி ஜாடிகளில் ஒன்றில் அதே பாம்பு சுருண்டு கிடந்தது. பேராசிரியர் அதைக் காட்டி, "இதற்கு நஞ்சு இல்லை. தவளை தின்னும். பகலில் நடமாடும். கடிப்பது மிக அபூர்வம்" என்று நான்கே வாக்கியங்களில் சொல்லிவிட்டு அடுத்த ஜாடிக்குப் போய்விட்டார். நான் அந்த ஜாடியின் முன்னாலேயே நின்றேன். எங்கள் ஏரிக்கரையில் நாங்கள் கொன்றது விரியன் அல்ல. நம் நாட்டிலேயே மிகவும் சாதுவான பாம்புகளில் ஒன்று அது.

அந்தப் பாம்பின் கதைதான் இது. அதற்கு அமெரிக்காவில் புகழ்பெற்ற ஓர் உறவினர் உண்டு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல அதிசயங்கள் விளங்கும்.

ஒரே புத்தகத்தில் பெயர் பெற்றவர்கள்

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் உயிரினங்களுக்கெல்லாம் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை வகுத்தவர் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1758-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பத்தாம் பதிப்பில் இரண்டு கோடு போட்ட பாம்புகளுக்குப் பெயர் கொடுத்தார்.

ஒன்று வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் காலுறை நழுவாமலிருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு நாடாவைக் கட்டிக்கொள்வார்கள். அதற்குக் 'கார்ட்டர்' என்று பெயர். கோடுகள் நெய்த அந்த நாடாவைப்போல் இந்தப் பாம்பு இருந்ததால் லத்தீன் மொழியில் 'சிர்டாலிஸ்', அதாவது 'நாடா போன்றது' என்று பெயரிட்டார். இதுதான் கார்ட்டர் பாம்பு. இன்று அதன் முழுப் பெயர் தாம்னோபிஸ் சிர்டாலிஸ்.

மற்றொன்று ஆசியாவிலிருந்து வந்தது. ரோமானியப் பெண்கள் உடுத்திய நீண்ட அங்கிக்கு 'ஸ்டோலா' என்று பெயர். அந்த உடை உடுத்தியது என்ற பொருளில் அதற்கு 'ஸ்டோலாட்டஸ்' என்று பெயர் வந்தது. இன்றைய பெயர் ஆம்பியெஸ்மா ஸ்டோலாட்டம். எங்கள் ஏரிக்கரைப் பாம்பு இதுதான்!

லின்னேயஸ் தமிழ்நாட்டுக்காரராக இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்? இந்தப் பாம்பின் முதுகைப் பார்த்தால் வேட்டியின் இரு ஓரத்துக் கரைதான் நினைவுக்கு வருகிறது. பழுப்புத் துணியில் இரண்டு மஞ்சள் கரை! நம் ஊர்களில் இதை நீர்க்காத்தான் குட்டி என்பார்கள். பெரும்பாலோர் 'தண்ணீர்ப் பாம்பு' என்று பொதுப்படையாகச் சொல்லி விடுவார்கள். பெயரில் 'குட்டி' இருந்தாலும் இது வேறெந்தப் பாம்பின் குட்டியும் அல்ல. முழுதாக வளர்ந்தாலே இது பெரும்பாலும் அரை மீட்டர் அளவுதான் இருக்கும். அபூர்வமாக 80 சென்டிமீட்டரைத் தொடும். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது.

நம் ஏரி, குளங்களில் இன்னொரு தண்ணீர்ப் பாம்பும் உண்டு. உடம்பெல்லாம் சதுரங்கப் பலகைபோல் கட்டம் போட்டது. கண்ணுக்குக் கீழேயும் பின்னாலும் இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்கும். பெரிதாக வளரும், மீன் பிடிப்பதில் சமர்த்து. நீர்க்கோலி என்பது இதுதான். இதற்கும் நஞ்சில்லை. ஆனால் குணம் வேறு. பிடித்தால் சளைக்காமல் கடிக்கும். நம் கரை வேட்டிக்காரருக்கு அந்தக் கோபமெல்லாம் கிடையாது.

அடையாளம் காண்பது எப்படி?

உடம்பு ஒலிவப் பழுப்பு நிறம். முதுகின் இரு புறமும் மஞ்சள் கோடு ஒவ்வொன்று தலைப்பக்கத்திலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓடும். கழுத்துப் பக்கம் இந்தக் கோடு மங்கலாகவும் பின்பாதியில் பளிச்சென்றும் தெரியும். முன்பாதியில் கறுப்புப் புள்ளிகளும் குறுக்குப் பட்டைகளும் கலந்திருக்கும். கண் பெரியது, கண்மணி வட்டமானது. உதடும் தாடையும் வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை. செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய மேடு ஒன்று ஓடுவதால் உடம்பு வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும்.

கட்டுவிரியன் எப்படி இருக்கும்? பளபளக்கும் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் குறுக்காக, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். அது இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனோ தடித்த உடம்பும், முதுகில் சங்கிலிபோல் கோத்த நீள்வட்டப் புள்ளிகளும் உடையது. சுருட்டை விரியன் சிறியது. முதுகில் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளைக் கோலம் இருக்கும். நல்ல பாம்பு படமெடுப்பது எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கும்தான் காரணம்.

இவற்றையெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பதற்கே சொல்கிறேன். கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வதற்கு அல்ல! புள்ளியும் கோடும் ஒவ்வொரு பாம்பிலும் சற்று மாறும். தோல் உரிக்கும் சமயத்தில் நிறமே மங்கிவிடும். அனுபவசாலிகளே தடுமாறுவதுண்டு.

கோடு எதற்காக?

இந்தக் கோடு வெறும் அலங்காரம் அல்ல. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள்.

ஓர் அட்டையின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நீளமான காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றில் நீளவாக்கில் இரண்டு கோடுகள் போடுங்கள். மற்றதில் ஏணிப்படிபோல் குறுக்குக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொன்றாக ஜன்னலுக்குப் பின்னால் வைத்து வேகமாக இழுத்து, ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்குக் கோட்டுப் பட்டை நகர்வது உடனே தெரியும். நீளக்கோட்டுப் பட்டையோ நின்ற இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். அது முடிந்து முனை வெளியே வந்த பிறகுதான் "அடடா, போய்விட்டதே!" என்று புரியும்.

புல்லுக்குள் ஓடும் கோட்டுப் பாம்பைப் பார்க்கும் பருந்துக்கும் கொக்குக்கும் இதே ஏமாற்றம்தான். உடம்பு நிற்பதாக நினைத்துக் கொத்தும்; அதற்குள் பாம்பு நழுவிவிடும். அமெரிக்க உயிரியலாளர் எட்மண்ட் பிராடி கார்ட்டர் பாம்பினம் ஒன்றை ஆராய்ந்து 1992-இல் இதற்குச் சான்று காட்டினார். ஒரே இனத்தில் கோடு உள்ளவையும் புள்ளி உள்ளவையும் இருந்தன. கோடு உள்ளவற்றில் நேராக ஓடியவை அதிகம் பிழைத்தன. புள்ளி உள்ளவற்றில் திரும்பித் திரும்பி ஓடியவை அதிகம் பிழைத்தன. அதாவது உடையும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும்.

ஓட வழியில்லாமல் சிக்கிக்கொண்டால் நம் நீர்க்காத்தான் குட்டி இன்னொரு வித்தை காட்டும். உடம்பைத் தட்டையாக்கி அகலப்படுத்தும். அப்போது செதில்கள் விலகி, இடையிலிருக்கும் தோலின் நீலமும் வெண்மையும் திடீரென்று வெளியே தெரியும். தலையை உயர்த்திக் கழுத்தையும் சற்று விரிக்கும். பார்ப்பவருக்கு, "படம் எடுக்கிறது, நல்ல பாம்பின் குட்டி" என்று தோன்றிவிடும். பறவையைப் பயமுறுத்த வந்த வித்தை மனிதன் கையிலுள்ள கோலுக்கு முன்னால் எமனாக முடிகிறது. அன்று எங்கள் கற்களுக்கு முன்னால் அது உடம்பை அப்படி விரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தவளை வேட்டை

மழைக்காலத்தில் ஏரிக்குள் தவளைகள் கச்சேரி வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். 'தவளை தன் வாயால் கெடும்' என்பது பழமொழி. சத்தம் போட்டுப் பாம்புக்கு இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்பது பொருள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனாலும் உட்காது உண்டு. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலியையும் பாம்புகள் உணர்வதாகச் சமீபகாலச் சோதனைகள் காட்டுகின்றன. இருந்தாலும் இந்தப் பாம்பு வேட்டையில் அதிகம் நம்புவது கண்ணையும் நாக்கையும்தான். பிளவுபட்ட நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள நுண்ணிய வாசனைத் துகள்களைச் சேகரித்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்ஸன் உறுப்பிடம் சேர்க்கிறது. ஈரத்தோல் தவளை போன வழியெல்லாம் வாசனைத் தடம் இருக்கும்.

தவளையோடு தேரையையும் இது விழுங்கும். தேரையைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளித் தலையை உதறுவதைக் கிராமத்துப் பிள்ளைகள் கண்டிருப்பீர்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் புடைப்புகளில் நஞ்சு இருக்கிறது. அது இதயத் தசையின் அணுக்களில் உப்புச் சத்தை வெளியேற்றும் 'பம்ப்' ஒன்றை அடைத்துவிடும். இந்தக் குடும்பத்துப் பாம்புகளில் அந்தப் பம்பின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது. பூட்டின் துளை மாறிவிட்டால் பழைய சாவி நுழையாதல்லவா? அதுபோல் நஞ்சு போய்ப் பொருந்த முடிவதில்லை.

அமெரிக்க உறவினர் இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் நியூட் என்ற, வால் உள்ள இருவாழ்வி வாழ்கிறது. அதன் தோலில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருக்கிறது. ஒரே ஒரு நியூட்டிலுள்ள நஞ்சு பல மனிதர்களைக் கொல்லப் போதுமானது. ஆனால் கார்ட்டர் பாம்பு அதை விழுங்கிவிட்டு உயிரோடு இருக்கிறது! நரம்பு, தசை அணுக்களில் நஞ்சு தாக்கும் இடம் அதற்கு மாறிவிட்டது. நியூட்டின் நஞ்சு கூடக்கூடப் பாம்பின் தாங்கும் சக்தியும் தலைமுறை தலைமுறையாகக் கூடி வந்திருக்கிறது. இதற்குப் பாம்பு ஒரு விலையும் கொடுக்கிறது. நஞ்சை அதிகம் தாங்கும் பாம்புகள் ஊர்ந்து செல்லும் வேகம் குறைவு. இயற்கையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

கோடையில் உறக்கம், குளிரில் உறக்கம்

விழுப்புரம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரிகள் எப்படி இருக்கும்? தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். தவளைகள் மண்ணுக்குள் போய்விடும். அப்போது நீர்க்காத்தான் குட்டியும் கரையிலுள்ள நண்டு வளை, புற்று, கல் இடுக்கு என்று புகுந்து, அசையாமல் கோடையைக் கழிக்கும். மழை விழுந்து தவளைகள் வெளிவந்ததும் இதுவும் வெளியே வரும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் கண்ணில் அடிக்கடி படுகிறது.

இதன் நேர்மாறு கனடாவில் நடக்கிறது. மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறைக் குழிகள் உள்ளன. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்கு வெகு கீழே வெப்பநிலை போய்விடும். பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் அந்தக் குழிகளின் ஆழத்தில், உறைபனி எட்டாத இடத்தில், ஒன்றாகக் கூடிக் குளிரைக் கழிக்கின்றன. வசந்தம் வந்ததும் அத்தனையும் வெளியே வரும். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். ஒரு பெண் பாம்பைச் சுற்றிப் பல ஆண் பாம்புகள் பந்துபோல் திரண்டு புரளும். உலகிலேயே இவ்வளவு பாம்புகள் ஒரே இடத்தில் கூடுவது இங்கேதான். மக்கள் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்!

முட்டையா, குட்டியா?

நம் பாம்பு முட்டையிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மண் பொந்திலோ புற்றிலோ, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து முட்டைகள் வைக்கும். தாய்ப் பாம்பு முட்டைகளோடு தங்கியிருப்பதை இயற்கை ஆர்வலர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். பொரித்து வரும் குட்டி ஒரு சாண் நீளம்கூட இராது.

கார்ட்டர் பாம்பு முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ஒரு ஈற்றில் பத்து முதல் நாற்பது குட்டிகள் வரை பிறக்கும். ஏன் இந்த வேறுபாடு?

பாம்பு தன் உடம்பில் உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. முட்டைக்குள் கரு வளர வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். நம் ஊர் மண்ணில் அதற்குக் குறைவில்லை. கனடாவின் குறுகிய கோடையில் குளிர்ந்த மண்ணில் முட்டையை வைத்தால் கரு வளராது. முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் தாய் வெயில் படும் இடமெல்லாம் போய்ப் படுத்துக் கருவுக்குச் சூடு கொடுக்கலாம். தாயே அடைகாக்கும் பெட்டியாகிவிடுகிறது.

அப்படியானால் குளிர்நாட்டுப் பாம்பெல்லாம் குட்டிதான் போட வேண்டுமா? இல்லை. ஐரோப்பாவில் வாழும் புல் பாம்பும் இதே குடும்பம். அது முட்டைதான் இடுகிறது. எங்கே தெரியுமா? எருக்குழியில்! மக்கும் குப்பையின் சூட்டில் முட்டை பொரிந்துவிடும். ஒரே சிக்கலுக்கு இரண்டு பாம்புகள் இரண்டு வழி கண்டன.

உறவு பிரிந்த கதை

ஆசியப் பாம்புக்கும் அமெரிக்கப் பாம்புக்கும் உறவு எப்படி வந்தது? இந்தக் குடும்பத்துப் பாம்புகளின் மரபணுக்களை ஒப்பிட்ட விஞ்ஞானிகள் இவற்றின் பூர்வீகம் ஆசியா என்கிறார்கள். இன்று ஆசியாவையும் அலாஸ்காவையும் பேரிங் நீரிணை பிரிக்கிறது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் அது தரையாக இருந்தது. ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன், உலகம் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்த சமயத்தில், ஆசியப் பாம்புகளின் ஒரு கிளை அந்த வழியாக அமெரிக்காவுக்குள் புகுந்தது. அதன் சந்ததிகளே கார்ட்டர் பாம்புகள்.

இந்தக் காலக் கணக்கு மனத்தில் பதிய வேண்டுமானால் திருவக்கரைக்குப் போய் வாருங்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அருகிலுள்ள அந்த ஊரில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டிருக்கிறது. அந்த மரங்கள் பச்சை இலையோடு நின்ற காலத்திலேயே நம் பாம்பின் உறவினர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

ஊரில் தங்கியவரின் வம்சமும் பரந்ததுதான். பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கித் தைவான் வரை நீர்க்காத்தான் குட்டி வாழ்கிறது. ஆனால் 2014-இல் வகைப்பாட்டைத் திருத்தி எழுதியபோது ஆம்பியெஸ்மா என்ற பேரினத்தில் இது ஒன்று மட்டுமே மிஞ்சியது. மற்றவை வேறு பேரினங்களுக்குப் போய்விட்டன.

உழவருக்கு நண்பனா, பகைவனா?

"பாம்பு விவசாயியின் நண்பன்" என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். சாரைப் பாம்பு வயலில் எலி பிடிக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த 'டி.எம்.வி.' நிலக்கடலை ரகங்களை விதைத்த உழவர்களுக்கு எலியின் தொல்லை நன்றாகவே தெரியும். ஆகவே சாரை நண்பன்தான். ஆனால் நீர்க்காத்தான் குட்டி எலி பிடிப்பதில்லையே! அது தின்பது தவளை. தவளையோ பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கிறது. அப்படியானால் இந்தப் பாம்பு விவசாயிக்குப் பகைவனா?

நல்ல கேள்வி. விடையை ஏரிக்கரையில் தேடுவோம். இந்தப் பாம்பு தவளையையும் தேரையையும் தின்கிறது. இதைக் கொக்கும் பருந்தும் மயிலும் கீரியும் தின்கின்றன. ஒரு தவளை இடும் முட்டைகள் எல்லாம் பிழைத்தால் குளமே கொள்ளாது. தின்பதும் தின்னப்படுவதும் சேர்ந்துதான் ஏரி உயிரோடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் வயல்களில் இந்தப் பாம்பும் இருந்தது, தவளையும் குறையவில்லை. பாம்பால் தவளை அழிந்ததாக எந்த ஊரிலும் பேச்சில்லை. ஏரி தூர்ந்தால், வரப்பெல்லாம் பூச்சிமருந்து ஓடினால், தவளை அழியும். ஈரமான தோல் வழியாகவும் தவளை சுவாசிப்பதால் தண்ணீரில் கலந்த மருந்தும் எளிதில் உள்ளே போகும். தவளை போனால் பாம்பும் போய்விடும். ஆகவே உங்கள் ஊர்க் கரையில் இந்தப் பாம்பு வெயில் காய்கிறதென்றால், அந்த ஏரி இன்னும் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். பணம் வாங்காத பரிசோதகர் அது.

நம் பகுதிக்கு இது முக்கியமான செய்தி. கிடங்கல் ஏரி, வீடூர் அணை, ஊசுட்டேரி, மரக்காணத்துக் கழுவெளி என்று நம் மண்ணே நீர்நிலைகளால் ஆனது. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே வரும் பறவைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. புல்லுக்குள் ஊர்பவருக்குப் பலகை இல்லை.

இன்னொரு ஆபத்து சாலை. மழைக்குப் பிறகு வெதுவெதுப்பாக இருக்கும் தார்ச்சாலையில் பாம்புகள் வந்து படுக்கின்றன. சக்கரங்களுக்கு அடியில் போய்விடுகின்றன. நார்சிஸிலும் இந்தத் துன்பம் இருந்தது. அங்கே சாலைக்கு அடியில் சிறு சுரங்கக் குழாய்கள் பதித்து, ஓரத்தில் தாழ்ந்த வேலி கட்டி, பாம்புகளைக் குழாய்வழியே போகும்படி செய்தார்கள். சாலையில் சாகும் பாம்புகள் வெகுவாகக் குறைந்தன.

பாம்பைக் கண்டால்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. இப்படிப்பட்ட வெள்ளத்தில் வளைகளில் தண்ணீர் நிரம்பினால் பாம்புகளும் மேட்டைத் தேடி வரும். மேடு என்பது பல சமயம் நம் வீட்டுத் திண்ணைதான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்குவதில் தவறில்லை. நடுக்கத்தில் அறிவை இழக்கக்கூடாது.

பாம்பைப் பார்த்தால் நில்லுங்கள். பின்வாங்குங்கள். அது போக வழி விடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் பெரியவர்களிடம் சொல்லித் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். இது நஞ்சில்லாதது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். ஜப்பானில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாம்பைப் பல காலம் தீங்கற்றது என்றே எண்ணியிருந்தார்கள். அதன் கடியால் மரணங்கள் நேர்ந்த பிறகுதான் அதற்கு நஞ்சு உண்டு என்று தெரிந்தது. அந்தப் பாம்பு தின்ற தேரைகளின் நஞ்சையும் தன் கழுத்துச் சுரப்பிகளில் சேமித்து வைக்கிறது!

யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், எந்தப் பாம்பு என்ற விவாதத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் தீமையே. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சுமுறிவு மருந்து ஒன்றே சிகிச்சை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அதாவது ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருத்துவமனைக்கு நேரத்தோடு போயிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

அந்த மருந்து எப்படிக் கிடைக்கிறது? பாம்பின் நஞ்சிலிருந்துதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டது. அதை நம்பி வாழ்ந்த இருளர் மக்கள் 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தினர் அனுமதி பெற்று நஞ்சுப் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்த பின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்திலும் இருளர் குடியிருப்புகள் பல உண்டு. உங்கள் வகுப்பிலேயே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். தரையில் பதிந்த தடத்தைக் கொண்டே பாம்பின் இனத்தைச் சொல்லும் தாத்தாவோ பாட்டியோ அவர்கள் வீட்டில் இருக்கக்கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் புத்தகத்துக்கும் குறையாத அறிவு அது.

நீங்கள் செய்யக்கூடியது

வரும் மழைக்காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் வந்த நாள், முதல் தவளைச் சத்தம் கேட்ட நாள், முதல் தண்ணீர்ப் பாம்பு கண்ணில் பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். கோடு போட்டதா, கட்டம் போட்டதா என்பதையும் எழுதுங்கள். சாலையில் நசுங்கிக் கிடந்தால் அதையும் இடத்தோடு குறியுங்கள். நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், உங்கள் ஏரியைப் பற்றி வேறு எவருக்கும் தெரியாத ஒரு கணக்கு உங்களிடம் இருக்கும்.

சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அதே மதகுப் பக்கம் நடந்தபோது புல்லில் ஒரு சலசலப்பு. பழுப்பு உடம்பில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒரு கணம் நிற்பதுபோல் தெரிந்தன, பிறகு காணவில்லை. பின்னால் வந்த சிறுவன் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். "வேண்டாம்பா, அது தவளை தின்னும் பாம்பு, கடிக்காது" என்றேன். அவன் கல்லைக் கீழே போட்டுவிட்டு, "அப்போ அதுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டான். சொன்னேன்.